ஜூன் மழையும் பள்ளிக்கூடப் பிள்ளையும்: நீலகிரிக்கு எந்த மழைக்கோட்டு சரி?

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கிறது. கிட்டத்தட்ட அதே நாட்களில் தென்மேற்குப் பருவமழை கூடலூர் பக்கமாக மலையேறிவிடுகிறது. கீழ்நாட்டில் பள்ளி திறப்பு என்றால் புதுப் புத்தக வாசனை. மலையில் அதோடு ஈர சாக்ஸும் சேர்ந்துகொள்கிறது. காலையில் "வயிறு வலிக்குது, இன்னைக்குப் போகலை" என்று முனகும் பிள்ளையிடம் பாடத்தையும் டீச்சரையும் பற்றி விசாரிக்கும் முன், "நேத்து எத்தனை மணி வரைக்கும் கால் ஈரமா இருந்துச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். ஒன்பது மணிக்கு நனைந்த காலோடு நாலு மணி வரை பெஞ்சில் உட்கார்ந்த பிள்ளை, மறுநாள் அதே பெஞ்சுக்குப் போக யோசிக்கத்தான் செய்யும். மழைக்கு வழி செய்த பிறகும் அந்த வயிற்றுவலி தொடர்ந்தால் காரணம் வேறு எங்கேயோ இருக்கிறது; அதை உட்கார வைத்து, அவசரப்படாமல் கேட்க வேண்டும்.

இன்னொன்று. இங்கே பள்ளிக்கூடம் வருஷத்துக்கு ஒருமுறை மட்டும் திறப்பதில்லை. ஜூலையிலும் ஆகஸ்ட்டிலும் கனமழைக்குக் கலெக்டர் விடுமுறை விடுவார். இரண்டு நாளோ மூன்று நாளோ கழித்து மறுபடி கிளம்ப வேண்டும். ஒவ்வொரு மழை விடுமுறைக்குப் பிறகும் அந்த முதல்நாள் தயக்கம் திரும்ப வருகிறது. அதனால் மழைச் சாமான்களை விலையையும் உழைப்பையும் மட்டும் வைத்து எடைபோடுவது போதாது. பிள்ளை அதைத் தானே போட்டு, தானே கழற்றி, கூச்சமில்லாமல் மாட்டி வைக்குமா என்று பார்க்க வேண்டும். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் கடைவீதிகளில் கிடைக்கும் வகைகளை அந்தக் கண்ணோடுதான் இங்கே பார்த்திருக்கிறேன்.

முதலில் ஊர். நீலகிரி முழுக்க ஒரே மழை இல்லை. கூடலூர், பந்தலூர், தேவாலா, குந்தா மேற்குப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை விடாமல் கொட்டும். அவலாஞ்சியில் 2019 ஆகஸ்ட்டில் ஒரே நாளில் 80 செ.மீ-க்கு மேல் பெய்தது. 2,200 மீட்டருக்கு மேலே இருக்கும் ஊட்டியில் சாரலும் காற்றும் குளிரும் சேர்ந்து வரும்; கூடலூர் அளவுக்குக் கொட்டாது, ஆனால் பக்கவாட்டில் அடிக்கும். கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் பெரிய மழை வடகிழக்குப் பருவத்தில், அக்டோபர், நவம்பரில்தான். கொடைக்கானலும் இந்த விஷயத்தில் கோத்தகிரியோடு சேர்த்தி. ஆகவே பந்தலூர் பிள்ளைக்கு ஜூன் முதல் நாளே கனமான கோட்டு வேண்டும். கோத்தகிரிப் பிள்ளைக்கு அப்போது குடையும் காற்றைத் தடுக்கும் மெல்லிய ஜாக்கெட்டும் போதும். கனமானதை ஆயுதபூஜைக்கு முன்னால் வாங்கினால் சரியாக இருக்கும்.

கடையில் முதலில் எடுத்துக் காட்டுவது பி.வி.சி. கோட்டு. தடிமனாக, பளபளவென்று, விலை குறைவாக இருக்கும். துணி தண்ணீர் விடாது, அது உண்மை. தண்ணீர் உள்ளே வருவது தையல் வழியாக. பி.வி.சி.யை மெஷினில் தைத்தால் ஊசி விழுந்த ஒவ்வொரு இடமும் ஒரு ஓட்டை. தோளில் பை வார் அழுத்தும் இடத்தில் அந்த ஓட்டைகள் விரிந்து, பள்ளிக்குப் போய்ச் சேர்வதற்குள் ஸ்வெட்டரின் தோள்பட்டை நனைந்துவிடும். சூட்டில் ஒட்டிய மூட்டு உள்ள கோட்டு கிடைத்தால் அதையே எடுங்கள். பி.வி.சி.க்கு இன்னொரு குறை, குளிரில் விறைத்துப்போவது. மடித்து வைத்த மடிப்பிலேயே இரண்டாம் வருஷம் வெடிக்கும். கூடலூரைவிட ஊட்டியில் இது சீக்கிரம் நடக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு விறைத்த கோட்டில் கையை மடக்கவே சிரமம்.

மெல்லிய, பால்நிறத்தில் உள்ளே இருப்பது தெரிகிற ஈ.வி.ஏ. கோட்டு எடை குறைவு, மடித்தால் டிபன் பாக்ஸ் அளவுக்கு வந்துவிடும். பிள்ளைகளுக்குப் பிடிக்கும். தேயிலைச் செடிக் குச்சியில் ஒருமுறை மாட்டினால் கிழிந்துவிடும். ரோட்டிலேயே பஸ் ஏறி இறங்கும் பிள்ளைக்குச் சரி. தோட்டத்துக் குறுக்குவழியில் நடக்கும் பிள்ளைக்கு வேண்டாம்.

பாலியெஸ்டர் அல்லது நைலான் துணிக்கு உள்பக்கம் பி.யு. (பாலியூரித்தேன்) பூச்சு கொடுத்த கோட்டுதான் மலைக்கு நடுவாந்தரமாகச் சரிப்பட்டு வருவது. மென்மையாக இருக்கும், குளிரில் விறைக்காது. இதில் பார்க்க வேண்டியது இரண்டு. லேபிளில் தண்ணீர் தாங்கும் அளவு மி.மீ. கணக்கில் போட்டிருந்தால் 1,500 என்பது சாரலுக்குத்தான். கூடலூர் மழைக்கு 3,000-க்குக் குறையக் கூடாது. லேபிளில் எதுவும் இல்லாவிட்டால் கோட்டை உள்பக்கம் திருப்புங்கள். தோள், அக்குள், தொப்பி மூன்று இடத்திலும் தையல் மேல் விரல் அகலத்துக்கு ஒரு பட்டை ஒட்டியிருக்க வேண்டும். பட்டை இல்லையென்றால் அது காற்றுக்கோட்டு, மழைக்கோட்டு இல்லை. சந்தேகமாக இருந்தால் போன் டார்ச்சைத் தோள் தையலுக்கு உள்ளே வைத்துப் பாருங்கள். ஊசிமுனை ஊசிமுனையாக வெளிச்சம் தெரிந்தால் தண்ணீருக்கும் அதே வழிதான்.

"புதுக் கோட்டு, ஆனா ஒழுகுது" என்று பிள்ளை சொல்வதில் ஒரு பகுதி ஒழுகலே இல்லை, வேர்வை. மேட்டுப்பாதையில் இருபது நிமிஷம் ஏறினால் காற்றே புகாத கோட்டுக்குள் ஆவி குளிர்ந்து தண்ணீராகிவிடும். கழுத்துக்குக் கீழே முதுகில் ஒரு மூடியும் அதற்குள் வலைத்துணியும் வைத்த கோட்டில் இது நன்றாகக் குறையும். ஏறும்போது ஸ்வெட்டரைப் பைக்குள் வைத்துவிட்டு, வகுப்பில் போய்ப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். இது பிள்ளைகளுக்கு ஒருநாளில் பழகிவிடும். நாள் முழுக்கக் காய்ந்த ஸ்வெட்டர் கையில் இருக்கிறது என்பதே அவர்களுக்குப் பெரிய தெம்பு.

பான்சோ, அதாவது தலைவழியாகப் போட்டுக்கொள்ளும் போர்வை மாதிரியானது, பையையும் சேர்த்து மூடும், காற்றோட்டமும் உண்டு. தோட்டத்தில் சாக்கை மடித்துக் கொங்காணி போடுவார்களே, அதே யோசனைதான். கூடலூரின் நேர்மழைக்கு இதைத் தாராளமாகச் சொல்லலாம். ஊட்டிக் காற்றில் அது முகத்துக்கு மேலே தூக்கிக்கொள்ளும், முன்னால் படிக்கட்டு தெரியாது. பக்கவாட்டில் பொத்தான் இல்லாத பான்சோவை ஊட்டி, குந்தாப் பிள்ளைகளுக்கு வாங்காதீர்கள். குடையும் அங்கே அப்படித்தான்: இரண்டாக மூன்றாக மடிகிற குடை முதல் காற்றில் திரும்பிவிடும். ஃபைபர் கம்பி போட்ட நீளக்குடை தாங்கும், ஆனால் ஒரு கை முழுக்க அதற்கே போய்விடும். சறுக்குகிற செம்மண் பாதையில் சின்னப் பிள்ளைக்கு இரண்டு கையும் வேண்டும்.

தொப்பியைப் பற்றி யாரும் கேட்பதில்லை, நான் அதைத்தான் அதிகம் சோதிக்கச் சொல்வேன். போட்டுக்கொண்டு பிள்ளை தலையை இடமும் வலமும் திருப்பட்டும். தொப்பி முகத்தோடு சேர்ந்து திரும்ப வேண்டும். தொப்பி அப்படியே நிற்க, முகம் மட்டும் உள்ளே திரும்பினால் பிள்ளைக்குப் பக்கத்தில் வருவது தெரியாது. மஞ்சு (மூடுபனி) இறங்கிய பாதையில் ஜீப் வரலாம், குன்னூர், கோத்தகிரித் தோட்டங்களில் காட்டெருமை நிற்கலாம், பந்தலூர் பக்கம் யானை. பெரிய தொப்பி காதையும் அடைத்துவிடும். முன்னால் கண்ணாடி மாதிரியான விளிம்பும், பின்னந்தலையில் இழுத்துக் கட்டும் நாடாவும் உள்ளதே நல்லது. நிறமும் இதோடு சேர்ந்ததுதான். கருநீலமும் கறுப்பும் மஞ்சில் பத்தடிக்கு அப்பால் கரைந்துபோகும். மஞ்சள், ஆரஞ்சு, பச்சை எலுமிச்சை நிறம் எடுங்கள். பள்ளி கருநீலம்தான் என்று சொன்னால் முதுகிலும் இரண்டு கையிலும் ஒளி திருப்பும் பட்டை ஒட்டிவிடுங்கள். தைக்காதீர்கள், ஊசி போட்ட இடத்தில் ஒழுகும்.

அளவில்தான் பெற்றோர் அதிகம் தவறுகிறோம். "வளர்ற பிள்ளை" என்று இரண்டு மூன்று அளவு பெரிதாக வாங்கினால் விளிம்பு சேற்றில் இழுபடும், படியில் தடுக்கும், தொப்பி கண்ணை மறைக்கும். மற்ற பிள்ளைகள் சிரிக்க, அந்தக் கோட்டு பைக்குள்ளேயே இருக்கும், பிள்ளை நனைந்துகொண்டு வரும். ஐந்து வயதுக்கு மேல் வயதுக்கு வரும் காலம் வரை பிள்ளைகள் வருஷத்துக்குச் சுமார் 5, 6 செ.மீ. வளர்கிறார்கள். முட்டிக்குக் கீழே நாலு விரற்கடை இருக்கும்படி எடுத்தால் இரண்டு ஜூனுக்கு வரும், அது போதும். முட்டிக்கு மேலே நிற்கும் கோட்டு வேண்டாம். விளிம்பில் வடியும் தண்ணீர் நேராக முழங்காலில் விழுந்து சாக்ஸுக்குள் இறங்கும். கடையில் ஸ்வெட்டருக்கு மேல் கோட்டு, அதன் மேல் பை என்றுதான் போட்டுப் பார்க்க வேண்டும். பஸ் கம்பியைப் பிடிக்கிற மாதிரி கையைத் தூக்கச் சொல்லுங்கள். கோட்டுக் கையின் நுனி மணிக்கட்டை விட்டு இறங்கினால் தண்ணீர் கைவழியாக அக்குள் வரை ஓடும். மணிக்கட்டில் எலாஸ்டிக் இருந்தால் இந்தத் தொல்லை பாதி குறையும்.

ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பயம் வேறு மாதிரி. பள்ளி வராந்தாவில் முப்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் சொட்டச் சொட்ட நிற்கும்போது ஒரு டீச்சர் எத்தனை ஜிப்பைத் திறப்பார்? கழற்றத் தெரியாத பிள்ளை கோட்டோடேயே உட்கார்ந்திருக்கும், இல்லாவிட்டால் அழும். மறுநாள் மழையைப் பார்த்தாலே முகம் வாடும். குளிரில் விறைத்த விரலுக்கு டிக் பட்டன் கடினம். பெரிய பல் வைத்த ஜிப், அதன் நுனியில் பெருவிரல் அளவுக்கு ஒரு வளையம் அல்லது கயிறு, இதுதான் எளிது. வெல்க்ரோ முதல் மாதம் நன்றாக ஒட்டும்; பிறகு ஸ்வெட்டர் நூல் ஏறிப் பிடிப்பு போய்விடும், பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் வாரத்துக்கு ஒருமுறை தேய்த்து எடுக்க வேண்டும். பள்ளி திறப்பதற்குப் பத்து நாள் முன்பே வீட்டில் போடவும் கழற்றவும் பழக்குங்கள், கையைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துவிட்டு. அப்போதுதான் நிஜம் தெரியும்.

கோட்டு மாறிப்போவது இந்த வயதில் பெரிய துக்கம். எல்லாமே நீலம், எல்லாமே ஒரே கடை. கழுத்தின் உள்பக்கம் பெர்மனென்ட் மார்க்கரால் பெயர், வகுப்பு, பிரிவு எழுதுங்கள். பூச்சுள்ள பக்கத்தில் எழுதினால் அழியும், லேபிள் துணியில் எழுதினால் நிற்கும். எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைக்கு மாட்டும் வளையத்தில் சிவப்பு நூல் ஒன்று முடிந்துவிடுங்கள். "சிவப்பு நூல் இருந்தா உன்னுது" என்றால் போதும். மாட்டும் வளையமே இல்லாத கோட்டு தரையில்தான் கிடக்கும், அடுத்த பிள்ளை மிதிக்கும்.

எட்டாம் வகுப்புக்கு மேல் முட்டிவரை தொங்கும் கோட்டை யாரும் போடமாட்டார்கள். அதைப் பிடிவாதம் என்று திட்டிப் பயனில்லை; புது வகுப்பில் முதல் வாரம் எப்படித் தெரிகிறோம் என்பது அந்த வயதில் உண்மையான கவலை. பை வைக்க முதுகில் வீக்கம் வைத்த கோட்டு சின்னப் பிள்ளைக்கு வசதி, பெரிய பிள்ளைக்கு அவமானம். அவர்களுக்கு ஜாக்கெட்டும் பேன்ட்டும் தனித்தனியாக உள்ள இரண்டு துண்டு சூட்தான் ஒரே வழி, என் ஓட்டும் அதற்கே. நிறத்தை அவர்களே பொறுக்கட்டும், தையல் பட்டையை மட்டும் நீங்கள் பாருங்கள். பேன்ட்டின் கால் பக்கத்தில் ஜிப் இருந்தால் ஷூவைக் கழற்றாமலே உருவலாம். பேன்ட் விளிம்பு ஷூவுக்கு வெளியே விழ வேண்டும், உள்ளே செருகினால் ஷூ தொட்டியாகிவிடும். சுடிதார், பாவாடை போடும் பெண்பிள்ளைகளுக்கு இந்தப் பேன்ட் இன்னும் அவசியம். வெளிர்நிறச் சீருடை நனைந்தால் நாள் முழுக்க பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டே இருக்கிறார்கள். மாதவிடாய் நாட்களில் ஈரத்தோடு உட்கார்வது அதைவிடக் கொடுமை; மாற்று உள்ளாடை ஒன்றை நாப்கினோடு ஜிப் பையில் வைத்து ஸ்கூல் பையிலேயே நிரந்தரமாக விட்டுவிடுங்கள்.

மலைப்பகுதி அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் சத்துணவுத் திட்டத்தில் இருக்கும் 1 முதல் 8-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர், ரெயின்கோட், பூட்ஸ், சாக்ஸ் அரசே தருகிறது. கைக்கு வந்தவுடன் மேலே சொன்ன டார்ச் சோதனையைச் செய்துவிடுங்கள். நீளம் அதிகமானால் டெய்லரிடம் கொடுத்து மடித்துத் தைக்காதீர்கள். அளவு பொருந்தாத இரண்டு பிள்ளைகள் தங்களுக்குள் மாற்றிக்கொள்ள வகுப்பாசிரியரிடம் சொன்னால் வேலை முடிந்தது.

காலுக்கு வருவோம். முழுக்க ஒரே அச்சில் வார்த்த பி.வி.சி. ஷூ பார்க்க ஒருமாதிரி இருந்தாலும் இரவில் துடைத்து வைத்தால் காலையில் காய்ந்திருக்கும். ஒட்டவைத்த சோல் உள்ள ரெக்ஸின் ஷூ மழையில் முதலில் முன்நுனியில் வாயைத் திறக்கும். தோல் ஷூ நனைந்தால் காய இரண்டு நாள் ஆகும். அடுப்புப் பக்கத்தில் வைத்தால் பசை இளகி சோல் கழன்றுவிடும், தோலும் வெடிக்கும். உள்பட்டையை வெளியே எடுத்து, செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தாளை மாற்றுங்கள். மூன்றாவது மாற்றலில் ஈரம் பெரும்பாலும் போயிருக்கும். தோட்டத்துப் பாதையில் நடந்து வருபவர்களுக்குக் கம்பூட்ஸ் (உயரமான ரப்பர் பூட்ஸ்) தான். தடித்த சாக்ஸோடு விரல் நுனிக்கு முன்னால் 1 செ.மீ. இடம் வேண்டும், அதற்கு மேல் இருந்தால் குதிகால் உரசிப் புண்ணாகும். பள்ளியில் மாற்றிக்கொள்ள ஒரு செருப்பும், காய்ந்த சாக்ஸ் ஒரு ஜோடியும் பையில் இருக்கட்டும். இந்த மொத்தப் பட்டியலில் காசு குறைவாகவும் பலன் அதிகமாகவும் தருவது அந்த ஒரு ஜோடி சாக்ஸ்தான்.

கூடலூர், பந்தலூரில் அட்டைப்பூச்சித் தொல்லை உண்டு. பிடுங்கி இழுக்காமல், விரல் நகத்தை அதன் வாய்ப்பக்கம் பக்கவாட்டில் நகர்த்தினால் விட்டுவிடும். பூட்ஸுக்கு மேலே சாக்ஸ் விளிம்பில் உப்பு முடிச்சைத் தேய்த்துவிட்டால் ஏறுவது குறையும், ஆனால் மழையில் உப்பு கரைந்துவிடும் என்பதால் கிளம்பும்போதும் மாலையில் திரும்பும்போதும் தேய்க்க வேண்டும்.

பைக்கு வெளியுறை மட்டும் போதாது. முதுகை ஒட்டிய பக்கத்தை அது மூடுவதில்லை, கழுத்து வழியாக இறங்கும் தண்ணீர் அந்தப் பக்கமாகத்தான் உள்ளே போகும். புத்தகங்களுக்கு உள்ளே தனி உறை வேண்டும். நீலகிரியில் பிளாஸ்டிக் கேரி பை கிடையாது, கிடைத்தாலும் ஒரு வாரத்தில் கிழியும். வாயைச் சுருட்டிக் கிளிப் போடும் தார்ப்பாய் பை ஒன்றோ, ஜிப் வைத்த ரெக்ஸின் ஃபைல் இரண்டோ வாங்கினால் மூன்று நாலு வருஷம் வரும். மழை மாதங்களில் ஜெல் பேனாவும் மைப் பேனாவும் வேண்டாம், பால்பாயின்ட்தான். ஒரு துளி பட்டு ஒரு பக்க ஹோம்வொர்க் கரைந்துபோனால் அந்தப் பிள்ளைக்கு மறுநாள் வகுப்பில் நிற்க மனசு வராது.

ஸ்வெட்டர் இரண்டு வேண்டும். ஜூலை மஞ்சில் ஒன்று காய இரண்டு நாளுக்கு மேல் ஆகும். அக்ரிலிக் சீக்கிரம் காயும், கம்பளி ஈரமானாலும் கொஞ்சம் சூடு காக்கும், ஆனால் வெந்நீரில் போட்டால் சுருங்கிவிடும். பள்ளிக்கு அக்ரிலிக் போதும். காய வைப்பதற்குப் பிழியாமல் துண்டில் வைத்துச் சுருட்டி மிதித்து எடுத்துவிட்டு, தட்டையாகப் போடுங்கள். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: துணி காய்வதற்கென்று கரி போட்ட கணப்புச் சட்டியை மூடிய அறைக்குள் வைத்துவிட்டுத் தூங்காதீர்கள். அதன் புகையில் வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு இருக்கிறது, உயிர் போய்விடும். மழைக்கோட்டை மடித்து ஈரமாக வைக்காமல், உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பித் தொங்கவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு வாரத்தில் பூசணம், பி.யு. பூச்சும் பிசுபிசுத்து உரிய ஆரம்பிக்கும். இஸ்திரிப் பெட்டி அதன் மேல் படவே கூடாது.

இதையெல்லாம் மே மாதக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். சீஸன் கூட்டம் அப்போது கடைவீதியில் நிறைந்திருக்கும், நடு அளவுகள் முதலில் தீர்ந்துபோகும். பள்ளி திறப்பதற்கு இரண்டு ஞாயிறு முன்பே வாங்கி, வாசலில் நிற்க வைத்து ஒரு சோதனை செய்யுங்கள். உள்ளே வெளிர்நிறச் சட்டை, மேலே கோட்டு, அதன் மேல் புத்தகம் நிரப்பிய பை. தலையிலும் தோளிலுமாகப் பத்து மக்கு தண்ணீர் மெதுவாக ஊற்றிவிட்டு, பத்து நிமிஷம் மேடு பள்ளத்தில் நடக்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் இதற்கு மட்டும் மறுப்பே சொல்வதில்லை. அண்ணன் தங்கைக்கு ஊற்றுவான், தங்கை அண்ணனுக்கு ஊற்றுவாள். கழற்றியதும் சட்டையில் எங்கே ஈரம் என்று பாருங்கள். முதுகு முழுக்கப் பரவலான ஈரம் வேர்வை. தோளில் கோடு போட்ட மாதிரி ஈரம் இருந்தால் தையல் ஒழுகுகிறது. அந்த இடத்தைச் சாக்பீஸால் குறித்து, பில்லோடு அன்றைக்கே கடைக்கு எடுத்துப் போங்கள்.